கமாவுக்கு முன்னால் ஓர் இடைவெளி

"என் பேப்பர்ல என்ன பண்றீங்க நீங்க?"

காபிக் கோப்பையோடு நின்று அவள் போட்ட சத்தத்தில் மருத்துவமனை கேன்டீனில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்... அவர்களும் ஒரு கணம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் நிமிர்ந்தான். கையில் சிவப்புப் பேனா. சட்டையின் ஒரு தோள் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. கண்கள்... அந்தக் கண்களைப் பற்றி அவள் பிற்பாடு நிறைய யோசிக்கப் போகிறாள். அப்போதைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அவை கையும் களவுமாகப் பிடிபட்டவன் கண்களைப் போல முழிக்கின்றன என்பதுதான்.

"ஸாரிங்க... யாரோ விட்டுட்டுப் போன பழைய காகிதம்னு நெனச்சேன்."

"இடம் பிடிக்க வெச்சுட்டுப் போனேன். கைக்குட்டை போட்டா இடம், காகிதம் போட்டா குப்பையா?"

"கைக்குட்டைல எழுத்துப் பிழை இருக்காதுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. காகிதத்தை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் அம்மை போட்டது போல சிவப்பு சிவப்பாகக் குறிகள்!

"நான் பாடப்புத்தக அச்சகத்துல பிழை திருத்தறவன்" என்றான் அவன் தயங்கித் தயங்கி. "மனசு சரியில்லேன்னா கை தானா திருத்த ஆரம்பிச்சுடும்... ஆனா இதுல எவ்வளவு தப்பு பாருங்க. கமாவுக்கு அப்புறம் ஒரு இடம் விடணும். ஒண்ணுலகூட விடல. மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"இது மூணாங்கிளாஸ் பாடம் இல்ல சார். மெஷினுக்கு எழுதினது. கமாவுக்கு அப்புறம் நீங்க சொல்ற மாதிரி இடம் விட்டா, அதோட சரி. மிச்ச வரியை அது கண்டுக்காது."

"ஏன் அப்படி?"

"அதோட புத்தி அப்படி!"

அது உண்மைதான். மருத்துவமனையின் அடித்தளத்தில், குளிர் கொட்டும் அறை ஒன்றில், இரண்டு பீரோ அளவுக்கு ஒரு பழைய மெயின்ஃப்ரேம் கணினி நின்றுகொண்டிருந்தது. அது எந்த வேலையை, எந்த வரிசையில், எந்தப் பட்டியலை வைத்துச் செய்ய வேண்டும் என்று உத்தரவு எழுதுவதற்கென்றே தனியாக ஒரு மொழி. ஐந்து வருஷமாக அவள் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குறை சொல்வதற்கென்றே வந்து உட்கார்ந்த சம்பந்தியைப் போன்ற மொழி அது. ஒவ்வொரு வரியும் இரண்டு சாய்கோடுகளோடுதான் தொடங்க வேண்டும். எழுபத்தோராவது கட்டத்தைத் தாண்டி ஓர் எழுத்து போகக் கூடாது. மிச்சத்தை அடுத்த வரியில் தொடரலாம். ஆனால் நாலாவது கட்டத்துக்கு முன்னாலோ பதினாறைத் தாண்டியோ தொடங்கினால் போயிற்று, 'நீ யார், எந்த ஊர்?' என்று கேட்கும். எப்போது ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று அதனிடம் சொல்ல முடியாது. எப்போது செய்யக் கூடாது என்று தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் தவறு எங்கே என்று தேடலாம். சில நேரம் அது கோபிக்கவே கோபிக்காது. பாதி உத்தரவை விழுங்கிவிட்டு, 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று சிரித்துக்கொண்டே போய்விடும்.

"அப்போ நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா?" அவன் முகம் சட்டென்று மாறியது. "உங்ககிட்டயே கேக்கறேன். எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தேதி போட்டு லெட்டர் வரும்னாங்க, வரல. விசாரணை ஜன்னல்ல இன்னியோட மூணு தடவை கேட்டாச்சு. 'வரும், போங்க'ங்கறாங்க. நிஜமாவே வருமாங்க?"

அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

கண் பிரிவு! இரண்டு நாளாக அவள் அந்த நாலு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதே அதற்காகத்தானே? கண் பிரிவின் தலைமை நர்ஸ் படியிறங்கி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். 'மூணு வாரமா எங்க நோயாளிங்க பாதிப் பேர் வர்றதே இல்ல. உங்க மெஷின் லெட்டர் அனுப்புதா, இல்ல தூங்குதா?' அவளுடைய மேலாளர் அசரவில்லை. 'முடிவுக் குறி பூஜ்யம்னு வந்திருக்கு. பூஜ்யம்னா சுகம்னு அர்த்தம். தபால்லதான் கோளாறு. வெளி ஆளுங்க கேட்டாலும் இதையே சொல்லு' என்றுவிட்டார். அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

'எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு, தேடிட்டிருக்கேன்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான், ஒரு வரி. ஆனால் மூணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்று சற்றுமுன் சொன்ன ஆளிடமா? ரோஷம் முந்திக்கொண்டது.

"எங்க பக்கம் எல்லாம் ஒழுங்கா போயிருக்கு. தபால் ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

"சரிங்க... ரொம்ப நன்றி."

குடை இல்லாமல் மழைக்குள் இறங்கி நடந்தான். அந்த நன்றி இருக்கிறதே... அது முள்ளாகக் குத்தியது.

அடித்தளத்துக்கு வந்து காகிதத்தை மேசைமேல் எறிந்தாள். புதிதாக ஒரு பிரதி எடுக்கலாம் என்று எழுந்தவள், சிவப்புக் குறிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருப்பதைக் கண்டு நின்றாள். மற்றதெல்லாம் 'இங்கே இடம் விடு' என்ற குறி. மூன்றாம் பக்கத்தில், கடிதம் எழுதும் புரோகிராமை அழைக்கும் வரியில், ஒரு கமாவுக்கு முன்னால் மேலும் கீழுமாக இரண்டு சின்ன வளைவுகள். இரண்டு கைகள் சேர்த்து அணைப்பது போல...

'இங்கே இடைவெளி கூடாது, சேர்த்துவிடு.'

குனிந்தாள். மூக்கு காகிதத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். பொதுப் பிரிவு, கமா, எலும்புப் பிரிவு... அதற்குப் பின் ஒரு வெற்றிடம். அப்புறம்தான் கமா. அப்புறம்தான் கண் பிரிவு.

அந்த மொழிக்கு இடைவெளி என்றால் முற்றுப்புள்ளி. அதன் பிறகு என்ன இருந்தாலும் யாரோ ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு என்று விட்டுவிடும். கமாவுக்குப் பின்னால் இடைவெளி வந்திருந்தால் 'தொடர்ச்சி எங்கே?' என்று கத்தியாவது இருக்கும். முன்னால் வந்ததால் வாயே திறக்கவில்லை. பொதுவுக்கும் எலும்புக்கும் கடிதம் போயிற்று. கண் பிரிவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. முடிவுக் குறி பூஜ்யம்.

யார் செய்தது? மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் எலும்புப் பிரிவின் குறியீட்டை மாற்றியிருக்கிறார்கள். ஐந்தெழுத்து இருந்த இடத்தில் நான்கெழுத்து. மீந்துபோன ஓர் இடம் காலியாகவே நின்றுவிட்டது. மாற்றியவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து...

அவளுடையது.

பதிவேட்டை மூடினாள். பிறகு கண் பிரிவின் பட்டியலை எடுத்தாள். கடிதம் கிடைக்காததால் தேதி தவறிப்போனவர்கள் பத்தொன்பது பேர். எல்லோர் பெயருக்கு நேராகவும் 'வரவில்லை' என்று போட்டு, வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருந்தது. கடைசி என்றால் ஏழு மாதம். பதினோராவது வரியில் அவள் விரல் நின்றது. 'வயது 63. இரு கண்ணிலும் முற்றிய புரை. உடனிருப்பவர்: மகன், பிழைதிருத்துபவர்.'

மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த ஒரு இடைவெளியை எடுத்துட்டு ஓட்டு. அடுத்த வாரத்துலேருந்து தானா சரியாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"தேதி போனவங்க சார்? பத்தொன்பது பேர்..."

"ஏழு மாசம் ஓடிடும்மா. நீ வாயைத் திறந்தா உன் பேர்தான் மாட்டும். சீனியர் ஆகிற நேரம். யோசிச்சுப் பண்ணு."

வீட்டில் அவளுக்கு அடம் என்றுதான் பேர். அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள் வரைக்கும் 'அடம் வந்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அந்த அடம் இப்போது எழுந்து நின்றது.

"யோசிச்சுட்டேன் சார்" என்றாள். மாடிப்படியேறி நேரே கண் பிரிவுக்குப் போனாள்.

தலைமை நர்ஸ் அவள் சொல்லி முடிக்கும் வரை கைகட்டிக் கேட்டார். பிறகு ஐந்து நிமிஷம் திட்டினார். வாங்க வேண்டிய திட்டுதான், வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்க நிறுத்தியவர், "அழுவியோன்னு பாத்தேன். அழல. நல்லது. இப்போ அழறதுக்கு நேரமில்ல" என்று ஃபோனை எடுத்தார். பெரிய டாக்டரிடம் கெஞ்சி, இன்னொருவரை அதட்டி, சனிக்கிழமை முழு நாளும் ஆபரேஷன் அறையைப் பிடித்தார். "பத்தொன்பது பேரும் காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்தோட இங்க இருக்கணும். அது உன் பொறுப்பு. ஒருத்தர் குறைஞ்சாலும் உன்னைத்தான் படுக்க வெச்சுக் கிழிப்பேன்."

அன்றைக்கே மெமோ வந்தது. பதவி உயர்வு ஒரு வருஷத்துக்கு நிறுத்தம். மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஃபோன் செய்ய உட்கார்ந்தாள். மறுநாள் அண்ணியும் கூட உட்கார்ந்தாள். "வேலை தப்பிச்சுதேன்னு சாமிக்கு நன்றி சொல்லு, அடம். நம்பரைக் குடு. நான் பேசினா மாட்டேன்னு சொல்றவனும் வந்துடுவான்." பதினெட்டுப் பேருக்குத் தகவல் போயிற்று. பதினோராவது வரியில் எண் இருந்தது. ஆனாலும் பாதி எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டாள்.

இதை ஃபோனில் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை. விடாத தூறல். இரண்டாவது மாடியில், பச்சைக் கதவு. தட்டியதும் அவன்தான் திறந்தான். அவன் கண்ணில் முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம். அவள் பார்த்தாள். அதனால்தான் அடுத்த வார்த்தை அவ்வளவு கனத்தது.

"உங்க அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். லெட்டர் கொண்டாந்திருக்கேன்... இத்தனை நாள் வராததுக்குக் காரணம் தபால் இல்லீங்க. நான்தான்."

சொல்லிவிட்டாள். வாசல்படியில் நின்றபடியே, ஒன்றுவிடாமல். அவன் போட்ட இரண்டு வளைவுகள் வரைக்கும். அன்றைக்கு கேன்டீனில் தனக்கே சந்தேகம் இருந்தது என்பது வரைக்கும்.

அவன் முகத்திலிருந்து சந்தோஷம் மெல்ல வடிந்தது.

"தபால் ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் நின்னேன்" என்றான். "அங்க இருந்த பெரியவர் பாவம், எனக்காக மூட்டை மூட்டையா அவிழ்த்துத் தேடினார். தப்பு யாருக்கும் வரும். நாள் பூரா நான் தப்புதானே பாத்துட்டிருக்கேன்... ஆனா தெரியாதுங்கறதைத் தெரியும்னு சொன்னீங்களே, அது தப்பு இல்லீங்க. வேற."

அவள் கடிதத்தை அவனிடம் நீட்டினாள்.

"யாருடா வாசல்ல? உள்ள கூப்பிடாம நிக்க வெச்சே பேசறே?" உள்ளேயிருந்து சுவரைத் தடவிக்கொண்டு அம்மா வந்தாள். முழங்கையருகே புதிதாகத் தீக்காயம். அவள் பார்ப்பது தெரிந்துவிட்டது போல, "அடுப்பு எரியுதா இல்லையான்னு கையை வெச்சுப் பாத்தேன். எரிஞ்சுட்டிருந்துது" என்று சிரித்தாள் அம்மா. அதே அச்சகத்தில் மூலப்பிரதியைச் சத்தம் போட்டு வாசிக்கும் வேலை பார்த்தவளாம். அம்மா வாசிக்க, மகன் திருத்துவானாம். இரண்டு வருஷமாக எழுத்து தெரிவதில்லை.

விஷயத்தைக் கேட்ட அம்மா, "தப்பைப் பண்ணிட்டு வீடு தேடி வந்து சொல்ற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். பாக்கறேன்னா... கேக்கறேன்" என்றாள். "நாளைக்கு நீ அங்க இருப்பியாம்மா?"

"ஏழு மணிக்கு முன்னாடியே இருப்பேன்மா."

மகன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கிளம்பும்போதும் திரும்பவில்லை. மன்னிக்கமாட்டான் போலிருக்கிறதே... போகட்டும். அவன் மன்னிப்பதற்காகவா இதைச் செய்கிறேன்? படியிறங்கும்போது அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை.

சனிக்கிழமை ஏழு மணி. கையில் பட்டியலோடு கண் பிரிவு வாசலில் நின்றாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு டிக், ஒரு வணக்கம், ஒரு மன்னிப்பு. சிலர் திட்டினார்கள். ஒரு பாட்டி அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவன், 'பதினொண்ணு' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். பத்து மணிக்குப் பதினெட்டு டிக் ஆயிற்று. ஒன்று பாக்கி.

ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர். தனியாள். ஃபோனை எடுக்கவில்லை. நேற்று, 'பாக்கறேன்' என்று மட்டும் சொன்னவர்.

"பன்னெண்டு மணிக்குள்ள வந்தா கடைசியாச் சேத்துக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார் தலைமை நர்ஸ்.

அவள் வாசலுக்கு ஓடினாள். மழை வெளுத்து வாங்கியது. ஓர் ஆட்டோ நிற்கவில்லை. இரண்டு, மூன்று... நிற்கவேயில்லை. அப்போது பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"விலாசம் சொல்லுங்க" என்றான் அவன்.

"அம்மா...?"

"அவங்க முறை வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். 'இங்க நின்னு நகத்தைக் கடிச்சுட்டிருக்காதே, போய் உதவி பண்ணு'ன்னு அனுப்பிட்டாங்க." ஒரு கணம் நிறுத்தி, "நானா வரல" என்றான்.

"நீங்களா வந்தீங்கன்னு நானும் நெனக்கல. வண்டியை எடுங்க."

ஒரு மழைக்கோட்டை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, அது இரண்டு பேரையும் நனைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது மாடி. கதவை ஒரு சாண் திறந்த கண்டக்டர் இரண்டு பேரையும் மங்கலாகப் பார்த்தார்.

"நான் வரல. ஆஸ்பத்திரிதான் 'ஆள் வரவில்லை'ன்னு எழுதிடுச்சே? போன வாரம் நானே நேர்ல கேக்க வந்தேன். 'கூப்பிட்டப்போ வராம ஏன்யா இப்போ வர்றே?'ன்னு ஜன்னல்ல விரட்டினாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் லேட்டாப் போனதில்ல நான். இனிமே அந்தப் படி ஏறமாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பிப் போவாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் படியில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்து, உரக்க, நிதானமாகப் பேசினாள்.

"சார்! உங்க மேல தப்பில்ல. எழுதினது தப்பு. அந்தத் தப்பைப் பண்ணினவ நான்தான். உங்க பேருக்கு நேரா 'வரவில்லை'ன்னு இருந்ததை நேத்து நானே அடிச்சு, 'அழைக்கப்படவில்லை'ன்னு மாத்தி, தலைமை நர்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். பத்தொன்பது பேருக்கும். இதோ கையில இருக்கு. நீங்க வந்து தொட்டுப் பாக்கற வரைக்கும் இந்தப் படியை விட்டு எழுந்திருக்கமாட்டேன்."

பதில் இல்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் படியில் சின்னக் குளமாயிற்று. அவன் இரண்டு படி கீழே, சுவரில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சளி பிடிக்குமே இவளுக்கு... என்ன பிடிவாதம் இது! தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல, யாரோ ஒரு கிழவரின் பேரைச் சுத்தம் செய்ய... கேன்டீனில் பொய் சொன்ன அதே உதடுகள், குளிரில் நடுங்கிக்கொண்டு, இருபது நிமிஷமாக உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

அவன் பையிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். தலையைத் துவட்டினாள்.

கதவு திறந்தது.

"முப்பது வருஷமா 'ஏறு, உள்ள போ, நகரு'ன்னு ஊரையே விரட்டினவன் நான்" என்றார் கண்டக்டர், சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டபடி. "என்னை விரட்ட ஒருத்தி வந்துட்டா. கையைப் பிடிம்மா, படி தெரியல."

ஆட்டோவில் அவரும் அவளும். பின்னால் ஸ்கூட்டரில், கோட்டை அவளிடமே விட்டுவிட்டு, அவன் நனைந்துகொண்டே வந்தான். வாசலில் தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப் பிரித்தார்கள். ஜன்னல் திரையைப் பாதி மூடி, பஞ்சை மெல்ல எடுத்தார் நர்ஸ். அம்மா கண்ணைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். முதலில் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு மகனை... வெகுநேரம்.

"என்னடா இப்படி இளைச்சுட்டே? காதோரம் நரை வேற! ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கதவோரம் நின்றவளை அம்மா கைகாட்டிக் கூப்பிட்டாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் உயரமா? அந்தக் குரலுக்கு இன்னும் ஒரு முழம் இருப்பேன்னு நெனச்சேன்!" கன்னத்தைத் தட்டினாள். "சரி, ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. வெளிச்சம் கூசுது, கொஞ்சம் படுத்துக்கறேன்."

வெளியே நீண்ட தாழ்வாரம். கழுவி விட்டது போன்ற வானம். ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தண்ணீர் முத்துகள், எது முதலில் விழுவது என்று காத்திருந்தன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இரண்டடி தள்ளி.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "நேத்து அந்தப் படியில நீங்க உக்காந்திருந்தப்போ... கோபம் போயிடுச்சு. மிச்சம் மீதி வைக்காம."

"நல்லதுதானே?"

"இல்ல. கோபம் இருந்த வரைக்கும் உங்கள நெனக்கறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இப்போ காரணமே இல்லாம நெனச்சுட்டிருக்கேன். அது... கஷ்டமா இருக்கு."

அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. இதயம் அடித்துக்கொள்வது தாழ்வாரத்தின் கோடி வரை கேட்கும் போலிருந்தது. பேசாமல் சிரித்துவிட்டு நழுவிவிடலாம். பெண்கள் அப்படித்தான் செய்வார்களாமே... அண்ணி சொல்வாள். ஆனால் ஒரு முறை உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விட்டதன் விலை அவளுக்குத் தெரியும். நிமிர்ந்தாள். நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு வரும் வெயில் போல, தயங்கித் தயங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு" என்றாள். "வாசல்ல நின்னு திட்டு வாங்கினேனே, அன்னிக்கே பிடிச்சுது. மன்னிப்பு கேக்க வந்த இடத்துல இதை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்போ சொல்லியாச்சு. நீங்க இன்னிக்கே பதில் சொல்லணும்னு இல்ல... நான் காத்திருப்பேன். எனக்கு உக்காந்து காத்திருக்க நல்லாவே வரும்."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"டேய்! ஆபரேஷன் எனக்குக் கண்ணுலதான் நடந்துது, காதுல இல்ல. அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் நிக்கும்? பதிலைச் சொல்லுடா!"

"எனக்கும் பிடிச்சிருக்கும்மா!" என்று கத்தினான் அவன், பதறிப்போய்.

"என்கிட்ட ஏன்டா சொல்றே? அவகிட்ட சொல்லு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. அவன் அந்த இரண்டடியையும் கடந்து வந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தான்.

பிறகு அவளிடம் சொன்னான். இந்த முறை மிக மெல்ல... எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தும், அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.